புலிக்கொக்கு என்னுடையது

உட்காருங்கள் தம்பி. பெஞ்சில் அந்த ஓரத்தில் வேண்டாம், கட்டெறும்பு ஊர்கிறது. இப்படி என் பக்கம் தள்ளி வாருங்கள். இங்கே உட்கார்ந்தால்தான் மதகும் தெரியும், அதற்குப் பின்னால் இருக்கிற தாழம்புதரும் தெரியும். கழுத்தில் பைனாகுலர், கையில் முழ நீளத்துக்குக் கேமரா, பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி. எதற்கு வந்தீர்கள் என்று நான் கேட்கவே போவதில்லை. இந்த மார்கழி பூராவும் இந்தக் குளத்துக்கு வருகிறவன் எல்லாம் அது ஒன்றுக்காகத்தான் வருகிறான். மெட்ராஸா? வாயைத் திறந்தால் அல்லவா தெரியும். சரி, மெட்ராஸ் என்றே வைத்துக்கொள்வோம்.

என்ன, மெதுவாகப் பேசணுமா? மெதுவாகத்தானே பேசுகிறேன். இதற்கும் கீழே இறங்கினால் எனக்கே கேட்காது.

வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் என்ன சொல்லி அனுப்பினான்? "சற்குணம் சார் கண்டுபிடிச்ச பறவை, கடைசி மதகுல இருக்கு, பாதையோட நேராப் போங்க" என்றுதானே? நினைத்தேன். அவனுக்குச் சற்குணம் மாசாமாசம் காப்பிப்பொடி வாங்கிக் கொடுக்கிறார் போல. தம்பி, ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் புலிக்கொக்கு என்னுடையது. முதலில் பார்த்தவன் நான். இந்த ஆவுடையப்பன். சற்குணம் பின்னால் வந்தவர். நான் காட்டிய இடத்தில் நின்று, நான் சொன்ன புதரைப் பார்த்து, நான் பார்த்த பறவையைப் படம் பிடித்துக்கொண்டு போனார். இதற்குத் தமிழில் ஒரு நல்ல வார்த்தை இருக்கிறது. திருட்டு.

நீங்கள் பாட்டுக்குப் புதரைப் பாருங்கள். காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுங்கள்.

நான் யார் என்று தெரியாது உங்களுக்கு. டவுனில் இப்போது கல்யாண மண்டபம் ஒன்று இருக்கிறது பாருங்கள், ஆனை மாதிரி, அது அந்தக் காலத்தில் சினிமாக் கொட்டகை. அதில் மேனேஜராக இருந்தேன். பறவைப் பழக்கம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. ஆந்தை ஒன்று தினமும் செகண்ட் ஷோவுக்கு வரும். கூரை ஓட்டை வழியாக உள்ளே வந்து பால்கனிக் கைப்பிடியில் உட்காரும். சண்டைக் காட்சி எல்லாம் பார்க்கும், பாட்டு வந்தால் எழுந்து போய்விடும், பாட்டு முடிந்ததும் திரும்ப வரும். ஒருநாள் ஆபரேட்டர் ரீலை மாற்றிப் போட்டுவிட்டான். ஜனங்களுக்குத் தெரியவில்லை. ஆந்தை கத்திற்று! சிரிக்காதீர்கள், நிஜம். அதற்குப் பிறகு ரீல் சரியா என்று அதைப் பார்த்துத்தான் நாங்கள் ஓட்டுவோம்.

ரிட்டயர் ஆன பிறகு இந்தக் குளத்தைச் சுற்றி நடைபாதை போட்டார்கள். சங்கம் வைத்தோம். நெடுங்கரைப் பறவை நண்பர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றி வருவது என் பொறுப்பு. மற்ற நாளெல்லாம் வீட்டில் நான் ஒரு நாற்காலி தம்பி. மருமகள் என்னைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போவாள், என்னை நகர்த்தினால் எங்கே பேச ஆரம்பித்துவிடுவேனோ என்று பயம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால்? பின்னால் ஒரு படையே வரும். நான் நின்றால் நிற்கும். நான் கையை நீட்டினால் அத்தனை தலையும் திரும்பும். கொட்டகையில் ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டும்போது ஒரு குளிர்ச்சி வரும் மனசுக்குள், அதே குளிர்ச்சி.

அங்கேதான் வந்து சேர்ந்தார் சற்குணம். கருவூலத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பில்லில் ஒரு புள்ளி தப்பினால் திருப்பி அனுப்புகிற ஆள். அந்த ஆளுக்குப் பறவை எதற்கு, நீங்களே சொல்லுங்கள். பறவையைப் பார்த்தால் மனிதனுக்கு ஏதாவது தோன்ற வேண்டும். அவருக்கு ஒன்றும் தோன்றாது. "நீளம், மூக்கு, இறகுப் பட்டை" என்று தணிக்கை பண்ணுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பாம்புத்தாராவைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். தண்ணீருக்கு மேலே கழுத்து மட்டும் பாம்பு மாதிரி ஆடும், பார்த்திருப்பீர்கள். நான் சொன்னேன், ஒரு நல்ல பாம்பு வெயில் தாங்காமல் இந்தக் குளத்தில் குளிக்க இறங்கியது, இங்கே நீந்திக்கொண்டிருந்த ஒரு நாமக்கோழியைப் பார்த்து மயங்கிப்போனது, இரண்டு வீட்டிலும் சம்மதிக்கவில்லை, ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டது, அதுகளுக்குப் பிறந்ததுதான் இது என்று. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணாச்சி, அது தப்பு. பிள்ளைகள் நம்பிரும்."

"நம்பட்டும்வே. நீரு பிள்ளையா இருக்கும்போது எதையுமே நம்புனதில்லையோ?"

கொஞ்சம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார் தம்பி, அதுதான் கொடுமை. "இல்ல அண்ணாச்சி" என்றார்.

பால் கொடுத்த தாயிடமே ரசீது கேட்டிருப்பார் மனுஷன்!

அதோடு விட்டாரா? ஒரு பெண்பிள்ளை பரீட்சையில் பாம்பு நாமக்கோழி கல்யாணத்தை அப்படியே எழுதிவைத்துவிட்டது. அருமையாக எழுதியிருந்தது என்று கேள்வி, கல்யாணச் சாப்பாடு எல்லாம் அதுவே சேர்த்திருக்கிறது. டீச்சர் புகாரோடு எங்கள் சங்கத்துக்கு வந்துவிட்டாள். கூட்டம் போட்டார்கள். தலைவி டாக்டர் மெஹருன்னிஸா, பல் டாக்டர், தங்கமானவர், வலிக்காமல் பிடுங்குவார். அவர் என்னைப் பார்ப்பதும் டீச்சரைப் பார்ப்பதுமாக இருக்கிறார். சற்குணம் எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். "அண்ணாச்சி எப்பவும் போல நம்மகூட வந்து நடக்கட்டும். பேச மட்டும் வேண்டாம்."

கேட்டீர்களா? நடக்கட்டும், பேச வேண்டாமாம். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு ஞாயிறு நடையை அவர் எடுத்துக்கொண்டார். நான் பின்னால் நடந்தேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு பையன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான், நான் வாயில் பூட்டுப் போட்ட மாதிரிக் காட்டினேன், அவன் சிரித்தான், அதற்கும் சற்குணம் திரும்பிப் பார்த்தார்.

என்ன அங்கே? அணிலா? அணில்தான். நீங்கள் ரொம்பப் பதறுகிறீர்கள் தம்பி. பறவை பார்க்கிறவனுக்குப் பொறுமை வேண்டும்.

இப்போது புலிக்கொக்குக்கு வருகிறேன். அந்தக் கூட்டம் நடந்த வாரமே பார்த்துவிட்டேன். எங்கே என்றால் இங்கேதான், இதே புதரில். அன்றைக்கு நல்ல மழை. மழை என்றால் சும்மா இல்லை, வீட்டுப் படியை விட்டு இறங்க முடியாது. மருமகள் கூட "மாமா, இன்னைக்கு எங்கயும் போகல, நல்ல பிள்ளையா வீட்லயே இருந்தீங்க" என்று பகோடா போட்டுக் கொடுத்தாள். ஆனாலும் பார்த்தேன். எப்படி என்று கேட்காதீர்கள். பார்க்கிறவன் பார்த்துவிடுவான்.

சற்குணத்துக்கு ஒரு குறை உண்டு. எல்லாப் பறவையும் பார்த்துவிட்டார், புலிக்கொக்கு மட்டும் பார்த்ததில்லை. மலைப்பக்கம் இருட்டுக் காட்டுக்குள் இருக்குமாம், குளிர்காலத்தில் எப்போதாவது ஒன்று வழி தவறிக் கீழே இறங்குமாம். அதைத் தேடி அவர் போகாத மலை இல்லை. கூட்டத்துக்குக் கூட்டம் அதன் பேரைச் சொல்லி ஒரு பெருமூச்சு விடுவார், கல்யாணமாகாத பெண்ணை வைத்துக்கொண்டிருக்கிற தகப்பன் மாதிரி. அவருக்கே காட்டிவிடுவோம் என்று பெரிய மனசு பண்ணினேன். வாசல் டீக்கடையில் பிடித்தேன்.

"சற்குணம், உம்ம ஆளு வந்திருக்கு."

"யாரு அண்ணாச்சி?"

"புலி."

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டார். "எங்க?"

"கடைசி மதகு. தாழம்புதருக்குள்ள. விடியக் கருக்கல்ல போனா கண்டிப்பாப் பாக்கலாம்."

அப்போது இந்தப் பாதை இப்படி இல்லை தம்பி. நீங்கள் எல்லாம் மிதித்து மிதித்து ராஜபாட்டை ஆக்கிவிட்டீர்கள். அப்போது கருவேல முள், முழங்கால் வரைக்கும் சேறு. அவருக்கோ இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், நடக்கவே கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். அதனால்தான் நான் கடைசி மதகைச் சொன்னேன் என்று ஊருக்குள் ஒரு பேச்சு. சவத்து மூதிகள். பறவை அங்கே வந்து உட்கார்ந்தால் நான் என்ன செய்ய? முதல் மதகுக்கு வா, அங்கேதான் சிமெண்ட்டுப் பாதை இருக்கிறது என்று ஆள் அனுப்பிக் கூப்பிடவா?

போனார். தினமும் போனார். நான் டீக்கடையில் உட்கார்ந்து அவர் திரும்பி வருகிற அழகைப் பார்ப்பேன். இடுப்பு வரை சேறு, முழங்கையில் கீறல், ஒரு காலை இழுத்துக்கொண்டு வருவார். காலைக் காற்றும் டீயும் அந்தக் காட்சியும், உடம்புக்கு எவ்வளவு நல்லது தெரியுமா? "என்னவே, புலி கடிச்சிட்டா?" என்பேன். "இன்னைக்கு இல்ல அண்ணாச்சி, நாளைக்கு வரும். நீங்க பாத்ததாச்சே" என்பார். என்னைக் கிண்டல் பண்ணுகிறாராம். முகத்தில் ஒரு சிரிப்புக் கூட இல்லாமல் சொல்வார், அவ்வளவு கைகாரர்.

ஒருநாள் வந்தார் பாருங்கள். ஒரு காலில் செருப்பு இல்லை. தொப்பி இல்லை. வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், சேற்றோடு, என் வெள்ளைச் சட்டையில். "அண்ணாச்சி, பாத்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதைவே பாத்தீரு?" என்றேன்.

"புலிக்கொக்கு அண்ணாச்சி! நீங்க சொன்ன அதே இடம்!"

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்றா பார்க்கிறீர்கள்? ஏன் உட்கார மாட்டேன்? நான் பார்த்து வைத்திருக்கிற பறவையை இன்னொருத்தன் போய் நிஜமாகவே பார்த்துவிட்டு வந்தால் யாருக்குத்தான் தாங்கும்?

மறுநாள் பேப்பரில் படம். கீழே அவர் பேர். என்னைப் பற்றியும் ஒரு வரி போட்டிருந்ததாம், 'ஆவுடையப்பன் என்பவர் அளித்த தகவலின் பேரில்' என்று. தகவல்! நான் என்ன சாராயம் காய்ச்சுகிற இடத்தைப் போலீசுக்குச் சொன்னேனா? 'என்பவர்' வேறு. போடச் சொன்னதே சற்குணம்தான் என்றார்கள். செய்வார், செய்வார்.

படத்தை நான் பார்க்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் பார்க்கவில்லை. பேரன் போனை மூஞ்சிக்கு நேரே நீட்டினான், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். என் பறவையை அவர் எடுத்த படத்தில் நான் ஏன் பார்க்கணும்? அதுவும் போக, எங்கள் சங்கத்தில் ஒரு நடைமுறை இருக்கிறது. அபூர்வமாக ஏதாவது பார்த்தேன் என்று ஒருத்தர் சொன்னால், அந்த இடத்துக்கே எல்லாரும் வருவார்கள். பார்த்தவர் படம், புத்தகம் எதையும் புரட்டாமல் வாயாலேயே அடையாளம் சொல்ல வேண்டும். உடம்பு எப்படி, தலை எப்படி, கால் எப்படி. ஒத்துப்போனால் அவர் பார்த்தது பார்த்ததுதான், எல்லாரும் கைதட்டி ஏற்றுக்கொள்வார்கள். கொண்டுவந்தது யார்? சற்குணம்தான். வவுச்சர் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது.

போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு தார் வாழைப்பழம். மருமகள் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, சொந்தத் தகப்பன் மாதிரி உபசாரம்.

"அண்ணாச்சி, முதல்ல பாத்தது நீங்கதான். டாக்டரம்மாட்ட அடிச்சுச் சொல்லிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதகுக்கு எல்லாரும் வாரோம். நீங்க அடையாளத்த மட்டும் சொல்லிட்டா, வாசல்ல போர்டுல உங்க பேரு. ஞாயிறு நடையும் பழையபடி நீங்கதான். நானே முன்மொழியுதேன்."

"நீரா?"

"ஆமா. பிள்ளைகள் உங்களத்தான் கேக்கு. எனக்கு அவங்கள்ட்ட பேசத் தெரியல அண்ணாச்சி."

எவ்வளவு விஷம் பாருங்கள்! பாவம் போலப் பேசி ஆளைக் கவிழ்க்கிறது. நான் காப்பியைக் குடித்துக்கொண்டே, சரி, சொல்லிட்டாப் போச்சு என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. மருமகள் உள்ளே போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"அண்ணாச்சி, பேருலதான் புலின்னு..."

"நிறுத்தும்வே!" என்றேன். "நடைமுறைய நீரே மீறலாமா? அடையாளத்தப் பத்தி ஒரு வார்த்தை என் காதுல விழக்கூடாது!"

"இல்ல அண்ணாச்சி, நிறத்த மட்டும்..."

இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். வாழைத்தாரையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். புரிகிறதா தந்திரம்? எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நாளைக்கு டாக்டரம்மாவிடம் "நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்று மாட்டிவிடுவார். காலமெல்லாம் அடுத்தவன் பில்லில் ஓட்டை பார்த்தவர், இந்த ஆவுடையப்பனிடம் நடக்குமா! தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். பழத்தை விட்டுவிட்டுத்தான் போனார். நல்ல பழம்.

இன்றைக்குத்தான் அந்த ஞாயிறு. இப்போது வருவார்கள். அதற்குத்தான் விடிவதற்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு மட்டும் சரியாகிவிட்டால், தம்பி, அடுத்த வாரம் அந்தப் பிள்ளைகள் என் பின்னால் வரும். இல்லாவிட்டால் சாகிற வரைக்கும் நாற்காலிதான்.

உங்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், சரியாக வருகிறதா என்று கேளுங்கள். நல்ல மஞ்சள் உடம்பு. அதில் கறுப்புக் கறுப்பாக வரி, கழுத்திலிருந்து வால் வரைக்கும். சும்மாவா புலி என்று பேர் வைத்தான்? கால் சிவப்பு, என் இடுப்பு உயரம். ஒரு கன்றுக்குட்டி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலமானால் ஓர் உறுமல். எப்படி? ஏன் தம்பி முழிக்கிறீர்கள்? கன்றுக்குட்டி ஜாஸ்தியா? ஆட்டுக்குட்டி என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே இறங்கமாட்டேன்.

என்ன, கையைப் பிடிக்கிறீர்கள்? வலிக்கிறது, விடுங்கள். எங்கே? மதகுக்குப் பக்கத்திலா? புதரை ஒட்டியா?

ஓ, அதுவா!

மடையான் தம்பி. குருட்டுக்கொக்கு. ஊரில் வயலுக்கு ஒன்று நிற்கும். செங்கல் நிறமாக இருக்கிறதே என்று பார்க்கிறீர்களா? செம்மண் சேற்றில் புரண்டுவிட்டு வந்திருக்கிறது. தலையில் கறுப்பாகவா? கரியாக இருக்கும், அந்தப் பக்கம் எவனாவது அடுப்பு மூட்டியிருப்பான். குட்டைக் கழுத்து, தடித்த மூக்கு, கழுத்தை மேலே நீட்டிக்கொண்டு கட்டை மாதிரி அப்படியே நிற்கிறது பாருங்கள், மடையன் மாதிரி. அதனால்தான் அதற்கு அந்தப் பேர். கேமரா மூடியைக் கூடக் கழற்ற வராமல் ஏன் இப்படித் தடுமாறுகிறீர்கள்? சர்க்கரை உண்டா? கேமராவை இறக்குங்கள் தம்பி, இதற்கெல்லாம் வீணாக்காதீர்கள். மெட்ராஸில் மடையான் கூடக் கிடையாதா?

இதோ வந்துவிட்டார்கள். பாதை திருப்பத்தில், தெரிகிறதா? முன்னால் வருகிறவர்தான் டாக்டரம்மா. ஏன் குனிந்துகொண்டு வருகிறார்கள் எல்லாரும்? டாக்டரம்மா மண்டி போட்டுவிட்டார்! பின்னால் வருகிற இரண்டு பேர் படுத்தேவிட்டார்கள். அந்தா, சற்குணம். அந்தத் தேய்ந்த முட்டியோடு தரையில் தவழ்ந்து வருகிறார். மன்னிப்புக் கேட்கவா? இவ்வளவு தூரம் வேண்டாம், எழுந்து நின்று கேட்டாலே போதும்.

என்ன அது? வாயில் விரலை வைத்துக் காட்டுகிறார். என்னையா? என்னையா பேசாதே என்கிறார்? இன்றைக்குமா? என் மதகில், என் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதா? விடுங்கள் தம்பி, சட்டையை விடுங்கள். நான் எழுந்திருக்கத்தான் போகிறேன்.

"ஓய் சற்குணம்! எந்திரிவே! என்ன நாடகம் இது? எந்திரிச்சு மனுஷனா நடந்து வாரும்!"

போச்சு, மடையான் பறந்துவிட்டது. புதருக்கு மேலே போய், அக்கரைப் பக்கம். போகட்டும், அதற்கு இங்கே என்ன வேலை?

ஏன் எல்லாரும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்? டாக்டரம்மாவுக்கு என்ன, மயக்கமா? தம்பி, நீங்கள் ஏன் தம்பி அழுகிறீர்கள்? ஒரு மடையானுக்கு எதற்கு இவ்வளவு? நாளைக்கு வாருங்கள், எங்கள் தெருச் சாக்கடையிலேயே இரண்டு காட்டுகிறேன்.

"வாங்க டாக்டரம்மா, வாங்க. ஒரு மடையான் குறுக்க நின்னுக்கிட்டு இருந்துச்சு, விரட்டிட்டேன். அடையாளம் சொல்லிரலாமா? நான் தயார்."

சற்குணத்தைப் பாருங்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தலையை ஆட்டுகிறார், கையை ஆட்டுகிறார், வேண்டாம் வேண்டாம் என்று. கண்ணில் தண்ணீர் வேறு. கையால் உடம்பைத் தடவித் தடவி ஒன்றும் இல்லை ஒன்றும் இல்லை என்று எதையோ காட்டுகிறார். கடைசி நிமிஷத்தில் கூட என் வாயை அடைக்கப் பார்க்கிறார், எவ்வளவு பொறாமை பாருங்கள் அந்த மனுஷனுக்கு!

"எல்லாரும் பக்கத்துல வாங்க. நல்லாக் கேட்டுக்கிடுங்க. முதல் அடையாளம், வரி. உடம்பு பூரா வரி."